திரும்பிப் பார்க்காமல் ஜூஜுவாடி வரை

ஜூலை 7, திங்கள்

தூறல். துணி எதுவும் காயவில்லை.

ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது சர்வீஸ் ரோட்டில் ஒரு பள்ளம். வண்டி குலுங்கியதும் அதே நினைப்பு: யார் மேலோ ஏற்றிவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தேன். வெறும் தண்ணீர். வாசலில் மறுபடி டயரைப் பார்த்து வெள்ளை மார்க்கரால் ஒரு புள்ளி. கம்பெனியில் செக் செய்த போல்ட்டுக்கு வைப்போமே, அது மாதிரி. டயரில் இனி இடமில்லை.

"செல்வி பாத்தா ரெண்டாவது ஆள் பாக்க வேணாம்" என்று போன வருஷம் லைன் லீடர் எல்லார் முன்னாலும் டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார். வியாதிக்குக் கைதட்டல் வாங்கியவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

சாப்பிடும்போது இவர்: "ஒண்ணாந்தேதிலருந்து எனக்குக் காலைல ஷிப்ட்டு. பாப்பாவ ஸ்கூல்ல நீதான் விடணும். முடியலன்னா சொல்லிடு, கல்லாவி ஊர்ல அண்ணன் வீட்ல விட்டு அங்கயே படிக்க வெச்சிடலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

வாங்க: பால், பாப்பாவுக்கு நீலப் பேனா, இயர்போன்.

கேன்டீனில் போனில் தேடினேன். போன வருஷம் ஒரு ஆப்பில் கிடைத்த கவுன்சிலர் நல்ல மனுஷிதான். "நீங்க யாரையும் இடிக்கல, நல்லதையே நினைங்க" என்பார். நிம்மதி, அடுத்த பள்ளம் வரை. மாசக்கணக்கில் அப்படியே ஓட்டினேன். இந்த முறை இந்தச் சந்தேக வியாதியின் பெயரையே போட்டேன்: "ஓசிடிக்கு மட்டும், தமிழில்". கோயம்புத்தூரில் ஒரு மேடம், வீடியோவில். இதற்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்தவராம். வியாழன் நேரம் கிடைத்தது.

பாப்பா எல்கேஜி படிக்கும்போதே இப்படித் தேடியிருக்கலாம். போன் அப்போதும் கையில்தான் இருந்தது.

ஜூலை 10, வியாழன்

வெயில். லீவு. வீட்டில் சுவர் மெல்லிசு, அதனால் மொட்டை மாடியில் டேங்க் பக்கம் உட்கார்ந்து பேசினேன். நடுவில் ஹவுஸ் ஓனர் அம்மா வடாம் திருப்ப வந்துவிட்டார், கன்னடமும் தமிழுமாக.

"ஏனம்மா, யார் கூட மாத்தாட்தியா? அழுவறியா?"

"கம்பெனி ட்ரெயினிங், ஆன்ட்டி."

"ட்ரெயினிங்ல அழ வெக்கறாங்களா!"

மேடம் சிரிப்பை அடக்கியது திரையில் தெரிந்தது.

பிறகு சொன்னார்: "யாரையும் இடிக்கலன்னு நான் சொல்ல மாட்டேன் செல்வி. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இது வளருது. சந்தேகத்தோடயே வீட்டுக்குப் போய்ப் பழகணும்." எரிச்சலாக வந்தது. அப்புறம், இத்தனை காலம் இதைச் சொல்ல ஆள் இல்லையே என்று அழுகை.

செய்ய: டயரைத் துடைக்க. ஸ்பீடு பிரேக்கரில் வேண்டுமென்றே ஏறி, திரும்பாமல் வர. இவரிடம் "இடிச்சிட்டேனா?" கேட்கக் கூடாது.

"கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் இவர்.

"தெரியலன்னு சொல்லுங்க."

பாவம், முழித்தார்.

ஜூலை 24, வியாழன்

காற்று. குழம்பில் உப்பு மறந்தாச்சு.

மூன்றாவது வாரம். தனியாக, கம்பெனியிலிருந்து ஜூஜுவாடியில் நம்ம வீடு வரை திரும்பாமல் வந்தேன்.  ராத்திரி சாப்பாடு வரை மனசு அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் தானாக அடங்கியது. தானாக! இது தெரியாமல் எத்தனை யூ-டர்ன் போட்டேன். எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை ஸ்கூல் விழாவுக்கு முடிந்தபின் போய் நின்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. ரோடெல்லாம் கூட்டம், மைக் செட்.

பாப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். முதல் ஸ்பீடு பிரேக்கர். குலுங்கியது. நான் திரும்பவில்லை. பின்னால் ஒரு அசைவு. தோளில் ஒரு தட்டு.

"யாரும் விழலம்மா. போ."

அடுத்ததிலும் அதே தட்டு. நான் கேட்கவே இல்லை.

"எதுக்குடி பாக்கற?"

"எப்பவும் பாப்பனே. இல்லன்னா நீ அழுவியே."

"இனிமே பாக்க வேணாம்."

"பாக்கலன்னா எனக்கு பயமா இருக்கும்மா."

ஸ்கூல் கேட்டில் இறக்கிவிட்டேன். இவருக்கு மெசேஜ்: விட்டாச்சு, கல்லாவி வேண்டாம்.

மேடத்திடம் கேட்க: ஒன்பது வயசுப் பிள்ளைக்கும் நேரம் கொடுப்பாரா.