குதிகால் வடம்

சிவமயம்

திருநெல்வேலி டவுன்,
விரோதிகிருது வருஷம் ஆடி மாதம் 10-ந் தேதி

சௌபாக்கியவதி கோமுவுக்கு அப்பா சிவசண்முகம் ஆசீர்வாதம். இவ்விடம் ஒரு காலைத் தவிர மற்ற யாவும் சுகம். அவ்விடம் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க நெல்லையப்பரைக் கும்பிட்டு வருகிறேன்.

முதலில் நீ சிரிக்க ஒரு சேதி. நேற்று நம் பாத்திரக் கடையில் மேல்தட்டுச் செம்பை எடுக்க நுனிக்காலில் எம்பினேன். எம்பினேன் என்று நான் நினைத்தேனே தவிர, வலது கால் எம்பவில்லை. கீழே, சீவலப்பேரிக்காரர் கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த பெரிய அண்டா வாயைத் திறந்துகொண்டிருந்தது. உட்கார்ந்த வாக்கில் உள்ளே போய்விட்டேன். தலையும் கைகால்களும் மட்டும் வெளியே. குடம் வாங்க வந்திருந்த மேலப்பாளையத்து மஹ்மூதா பீவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணாச்சி, இந்த அண்டா என்ன விலை? ஆளோட சேத்தா, ஆளு இல்லாமயா?" என்று கேட்டார். எதிர்க்கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து என்னை உருவினார்கள். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று எழுத நினைத்தேன். அவள்தான் இதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தேரோட்டத்தன்று அடிபட்ட அந்தக் கால் இன்னும் சரியாகவில்லை. பூதத்தான் வைத்தியர் வந்து பார்க்கிறார். "உதை பட்ட வீக்கம்தான் அய்யா. வெந்நி ஒத்தடம் குடுங்க, தைலம் போட்டு நீவுங்க, நடக்க நடக்கச் சரியாயிரும்" என்கிறார். நானும் நடக்கிறேன். நடக்க நடக்க, பாதம் எனக்குச் சொந்தமில்லாதது போல் பின்னால் வருகிறது.

உன் கடிதம் வந்தது. "அப்பா, மாமா உதைத்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?" என்று கேட்டிருக்கிறாய். உன் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். வருகிற கடிதத்தை உன் மாமனார்தான் பிரித்து எல்லாரும் கேட்க உரக்க வாசிப்பார். ஆகையால் சம்பந்தி பாபநாசம் பிள்ளை அவர்களுக்கும் இந்த வரியில் நமஸ்காரம். இனி வருவதை ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாசிக்கவும்.

தேர் வாகையடி முக்குத் திருப்பத்தில் நின்றுபோயிற்று. நானும் வடம் பிடிக்க இறங்கினேன். என் வீட்டுக்கு விருந்தாளியாய் வந்த நீங்கள் பின்னால் நின்றுகொண்டு, "ஓய், நீரு வடத்தப் புடிச்சிருக்கேரா, வடம் உம்மப் புடிச்சிருக்கா? அந்த வயித்த முதல்ல தேரோட சேத்துக் கட்டும்வே, அதுவும் சாயங்காலத்துக்குள்ள நிலைக்கு வந்து சேரட்டும்" என்றீர்கள். ரத வீதியே சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். டப் என்று ஒரு சத்தம். வடம் அறுந்துபோயிற்று என்று கத்தி, எல்லாரும் முன்னால் பார்த்தார்கள். வடம் முழுசாய் இருந்தது. என் குதிகாலுக்கு மேலேதான் கழுதை உதைத்தது போல் விழுந்திருந்தது. திரும்பினேன். நீங்கள் இருந்தீர்கள். கை ஓங்கிவிட்டது.

பெண் கொடுத்த இடத்தில் கை நீட்டியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதைத்ததும் தப்புதானே? அப்போது இளநீர் குடித்துக்கொண்டு நின்றதாகச் சொல்லி வருகிறீர்களாம். உதைத்துவிட்டு இளநீர் குடிக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

"நான் உதைக்கலைன்னு அவரு கைப்பட எழுதித் தரட்டும், அதுக்கப்புறம்தான் கோமு பேறுகாலத்துக்கு அங்கன போவா" என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். நான் எழுத மாட்டேன்.

கோமு, இனி உனக்கு. இப்போது நாலாவது மாதம். போன வருஷம் ஏழாவதில் நடந்ததை நினைத்தால் உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டில் உன் மாமியாரும் இல்லை. வலி வந்தால் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெண்ணில்லை. ஏழாவது பிறக்குமுன் நீ இங்கே வந்தாக வேண்டும். மாப்பிள்ளையிடம் பக்குவமாய்ப் பேசிப் பார். அம்பாசமுத்திரம் இருபது மைலோ, இருபத்திரண்டோ. எனக்கு இப்போது இரங்கூனை விடத் தூரமாய்த் தெரிகிறது.

இப்படிக்கு, ஒரு காலில் நிற்கும் உன் அப்பா,
சிவசண்முகம்

சிவமயம்

ஆற்றுக்கு அக்கரை, மிஷன் ஆஸ்பத்திரி,
ஆவணி மாதம் 5-ந் தேதி, பகல்

கோமுவுக்கு அப்பா ஆசீர்வாதம். இந்தக் கடிதம் கட்டிலில் படுத்தபடி எழுதுவது. எழுத்துக் கோணினால் பயப்படாதே; உட்கார்ந்து எழுதினாலும் என் எழுத்து இப்படித்தான்.

நாளைக் காலை எட்டு மணிக்கு என் காலை அறுக்கப் போகிறார்கள். வெட்டி எடுக்க இல்லை, திறந்து தைக்க.

நடந்தது இதுதான். ஆறு வாரம் பூதத்தானின் ஒத்தடத்தோடு நடந்தேன். போன திங்கட்கிழமை ஆற்றில் குளித்துவிட்டுப் படி ஏறும்போது பின்னால் வந்த உன் அம்மா, "ஏங்க, நில்லுங்க. ஒங்க ஒரு கெண்டக்காலு மட்டும் வத்திப் போச்சே!" என்று கத்தினாள். அன்றைக்கே வண்டி கட்டி, பாலம் தாண்டி இங்கே கொண்டுவந்துவிட்டாள். சோறு மட்டும் வீட்டிலிருந்து வருகிறது. என் சைவம் பத்திரம், கால்தான் சந்தேகம்.

இங்குள்ள டாக்டர் துரை வேதப்புத்தகத்துத் தமிழ் பேசுகிறார். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லிக் குதிகாலுக்கு மேலே விரலை வைத்தார். விரல் பள்ளத்தில் இறங்கியது. "என்ன செய்துகொண்டிருந்தீர்?" என்றார். தேர் வடம் இழுத்தேன் என்றேன். "அப்படியானால் உமக்கு எளிதில் விளங்கும். கெண்டைக்காலைக் குதியோடே கட்டியிருக்கிற வடம் ஒன்று உண்டு. உம்முடையது அறுந்துபோயிற்று. சத்தம் கேட்டீரோ?" கேட்டேன் என்றேன். "பின்னாலிருந்து ஒருவன் உதைத்ததுபோல் இருந்ததோ?" உதைத்தது போல் என்ன, உதைத்தே விட்டார் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "உம்மை ஒருவரும் உதைக்கவில்லை. இது அறுந்தவர்கள் பலரும் இப்படியே சொல்வார்கள். திரும்பிப் பார்ப்பார்கள், அங்கே ஒருவரும் இரார். நீர் திரும்பியபோது பின்னால் யார் இருந்தார்?"

கூட்டம் என்றேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சாலோமி என்கிற பெண் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எல்லாரும் திரும்பிப் பாத்து முழிப்பாகளாம். அய்யா மட்டும் கெட்டிக்காரரு, திரும்புன ஒடனே ஒரு ஆளைக் கண்டுபிடிச்சிட்டீகளே" என்றாள். நானும் சிரித்தேன்.

முதல் வாரமே வந்திருந்தால் சுலபமாம். இப்போது அறுந்த நுனி இரண்டும் சுருங்கி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. இழுத்துப் பட்டு நூலால் தைக்க வேண்டும். தையல் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். சீழ் வைத்துவிட்டால் காலுக்கே ஆபத்து. மயக்க மருந்தைப் பற்றி டாக்டர் துரை அதிகம் பேசவில்லை. "ஜெபம் செய்கிறோம்" என்று மட்டும் சொன்னார். அதுதான் என் கிலியைக் கூட்டியது. எதிர்க் கட்டிலில் நேற்று வரைக்கும் ஒருவர் இருந்தார். இன்றைக்குப் பாயைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்விட்டாரா என்று சாலோமியிடம் கேட்டேன். ஜன்னலைத் துடைக்கப் போய்விட்டாள்.

சம்பந்தி அவர்களே, அடுத்த வரியை இரண்டு தடவை உரக்க வாசியுங்கள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு வைத்து வாசித்தாலும் சரி. நீங்கள் உதைக்கவில்லை. கைப்பட எழுதியிருக்கிறேன். என் குதிகால் வடம் அறுந்து என்னை ஏமாற்றியது. நான் உங்களை அடித்துவிட்டேன். டாக்டர் துரையின் சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். அப்பனைப் பார்க்காதீர்கள், பெண்ணைப் பாருங்கள். ஐந்தாவது நடக்கிறது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் துட்டிக்கு எப்படியும் அவளை அனுப்பத்தான் வேண்டும். துட்டிக்கு வருகிறவளைப் பேறுகாலத்துக்கே வரவிட்டால் உங்கள் பெருந்தன்மைக்கு அழகு.

கோமு, நீ கேட்ட கேள்விக்கு டாக்டர் துரையே பதில் சொல்லிவிட்டார், பார்த்தாயா?

அம்மா வெளியே மரத்தடியில் இருக்கிறாள். நான் தைரியமாய் இருப்பதாக அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே நம்பு.

ஆசீர்வாதத்துடன்,
சிவசண்முகம்

சிவமயம்

திருநெல்வேலி டவுன்,
ஐப்பசி மாதம் 12-ந் தேதி

என் கோமுவுக்கு,

இது தபாலில் வரவில்லை. உன் வளைகாப்புச் சேலையின் மடிப்புக்குள் நானே வைத்தேன். உன்னை அழைத்துவரப் புறப்படும் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. சேலையை ரயிலில்தான் பிரிக்க வேண்டும், அதுவரை கீழே வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியனுப்புகிறேன். ரயில் அம்பாசமுத்திரம் ஸ்டேஷனை விட்ட பிறகு நீ இதை வாசிப்பாய். உரக்க வேண்டாம்.

கால் பிழைத்துக்கொண்டது. மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கால்தானா, முருங்கைக்காயா என்று சந்தேகப்பட்டேன். குதிக்கு அடியில் தோல் அட்டை வைத்து, கக்கத்தில் கட்டை கொடுத்து, சாலோமிதான் நடக்கப் பழக்கினாள். "பைய ஊனுங்க அய்யா, பைய. இப்ப என்ன தேரா இழுக்கீக?" என்று அதட்டுவாள். இந்த வயதில் நடை பழகுகிறேன். உன் பிள்ளை வந்து நடக்கும்போது எனக்குத் துணை ஆச்சு.

பூதத்தான் வைத்தியர் வந்து பார்த்தார். வாசலைத் தாண்டி வரக் கூசினார். "உதைன்னு நீங்க சொன்னீக அய்யா. நான் உதைக்கு வைத்தியம் பாத்தேன்" என்றார். ஊரில் எல்லாரும் அவரைத் திட்டுகிறார்கள். நான் திட்டவில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் மாமனார் வந்தார். ஆறு இளநீரைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். என்னை எழுந்திருக்க விடவில்லை. காலைத் தம் மடியில் எடுத்து வைத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அறுந்த கால வச்சுக்கிட்டு ஆறு வாரம் நடந்தேரேவே! நான் ஒரு பேச்சுப் பேசப் போயிதான் நீரு வீம்புக்கு இழுத்தேரு. தப்பு எம்மேலதான். நரம்பு பண்ணுன வேலைக்கு மனுசன் என்னவே செய்வான்?" என்றார். பிறகு ஒரு இளநீரைச் சீவி என் கையில் கொடுத்தார்.

நான் வாயைத் திறந்தேன், கோமு. நிஜமாகவே திறந்தேன். "சொதி வைக்கச் சொல்லட்டுமா?" என்றுதான் வந்தது.

நன்றாகச் சாப்பிட்டார். மூன்று முறை சொதி வாங்கிக்கொண்டார். புதன்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் கோமுவை அனுப்புவதாகத் தாமாகவே சொன்னார். போகும்போது எதிர்க்கடைக்காரர்களிடம், "எங்க சம்பந்தி மேல ஒரு குத்தமும் இல்ல, டாக்டர் தொரையே எழுதிக் குடுத்திருக்காரு" என்று நின்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அண்டாவுக்குள் விழுந்தபோதுகூட எனக்கு அவ்வளவு கூச்சமாக இல்லை.

ஏழாவது பிறந்துவிட்டது. ஜன்னல் ஓரம் உட்காராதே, காற்று ஆகாது. இறங்கும்போது அம்மா கையைப் பிடித்துக்கொள். நான் ஸ்டேஷனுக்கு வருவேன். கட்டையோடுதான், ஆனால் நின்றுகொண்டிருப்பேன். காந்திமதித் தாய் உன்னையும் உன் வயிற்றிலிருப்பதையும் முழுசாய் என் வாசலில் கொண்டு சேர்ப்பாள்.

இதை வாசித்த பிறகு உன் மாமனாரிடம் சொல்வதும், அடுப்பில் போடுவதும் உன் இஷ்டம். நானே சொல்வேன் என்று சத்தியம் செய்யப் போவதில்லை. என் சத்தியம் என்ன விலை போகும் என்பது இன்னும் நாலு வரியில் உனக்குத் தெரிந்துவிடும். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காதே. பெட்டியை மட்டும் என் கையில் கொடு; தூக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

உன் அப்பா,
சிவசண்முகம்

கையெழுத்துப் போட்டாயிற்று. ஆடி மாதம் நீ கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

பார்த்தேன், கோமு. கண்ணால்தான் பார்த்தேன். திரும்பினபோது, டாக்டர் துரை சொன்னபடியே, என் பின்னால் ஒருவரும் இல்லை. உன் மாமனார் அப்பால் இளநீர்க்காரன் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் இளநீரைத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் காதில் மட்டும் அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அறுந்த காலை இழுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்துபோய் அவரை அடித்தேன். அவர் உதைக்கவில்லை என்பது அந்த நாலு எட்டிலும் எனக்குத் தெரியும்.