குமரனின் படம்

செவ்வாய்க்கிழமை

தென்சீனக் கடலில் வெளிநாட்டுப் போர்க்கப்பலைக் கண்காணிக்கப் போன நம் விமானப்படையின் ரோந்து விமானம் விழுந்தது. ஐவரில் யாரும் பிழைக்கவில்லை. தளத்தின் பேச்சாளர் மாலையில் உறுதிப்படுத்தினார். பெயர்களைச் சொல்லவில்லை. ரேடார் இயக்கிய குமரனும் அதில் இருந்ததை, அங்கே வேலை செய்யும் நண்பர் எனக்கு மட்டும் சொன்னார்.

எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு அவன் படம் வாங்க, அவன் வீடு இருக்கும் லிங்கித் தோட்டத்துக்குப் போனேன். அவன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

"பையன் படமா? புரமோஷன் கெடச்சிருச்சா அண்ணே?"

தலையாட்டினேன்.

"இத எடுத்துக்குங்க, இதுலதான் மீசை நல்லாருக்கு லா. பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம், பெருசாப் போடுங்க. எப்ப வரும்?"

"நாளைக்கு."

காப்பி கொடுத்தார். முழுவதும் குடித்துவிட்டு வந்தேன்.

முதல் பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. குடும்பங்களுக்குக் காலை எட்டு மணிக்குத் தகவல் சொல்வார்களாம். லிங்கியில் பத்திரிகை ஆறு மணிக்கே விழுந்துவிடும்.