அது உங்கப்பா கேமரா இல்லை

மாதா துணை

சாந்தோம்,
ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து வந்து

அன்பு மகன் ஜெஃப்ரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா சான்ட்ராவும் நலம், உங்கப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி அவரும் நலம், கேமராதான் நலமில்லாமல் கிடந்தது. நீ அங்கே கால்கரியில் பனிக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இதை வாசிக்கும்போது மட்டும் காதைத் திறந்து வைத்துக்கொள். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா கூல் கூல் என்பாய், வாட்ஸ்அப்பில் திட்டினால் கை கூப்பின பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுவாய், குரலைப் பதிந்து அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுத்தான் கேட்பாயாம், சான்ட்ரா சொன்னாள். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது, ஆற அமர உட்கார்ந்து வாசி. தவக்காலத்தில் கோபத்தை ஒறுத்தல் செய்யுங்கள் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். நான் கறியை விட்டேன், காப்பியை விட்டேன், கோபத்தை விடுவதாக இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கேமராவை ரிப்பேருக்குக் கொடுக்கட்டுமா என்று நீயாகத்தான் கேட்டாய். நான் என்ன சொன்னேன்? பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்ச் இற்றுப்போய்த் தார் மாதிரி பிசுபிசுக்கிறது, அதை மாற்றச் சொல், ஷட்டர் மெதுவான வேகத்தில் சிக்குகிறது, அதைச் சுத்தம் பண்ணச் சொல், வேறு எதிலும் கை வைக்கக் கூடாது என்றேன். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினாய். ஆட்டிவிட்டு தி.நகருக்குப் போய், பனகல் பார்க் பக்கத்து மாடியில் கடை வைத்திருக்கிற ரெஹானிடம் உன் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். போன மாதம் அவர் கொண்டுவந்து கொடுத்த பெட்டியைத் திறந்தால், என் கறுப்புக் கேமரா கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது. பெயிண்டை மொத்தமாகச் சுரண்டி அடியில் இருந்த பித்தளைக்கு மெருகு போட்டிருக்கிறார்கள், உடம்பைச் சுற்றிப் பாம்புத்தோல் மாதிரி ஒரு தோல், அமுக்குகிற பட்டன் மேல் சிவப்பாக இன்னொரு பட்டன், ஜடை பின்னின மாதிரி ஒரு வார். அந்தச் சிவப்புப் பட்டன் என் முந்தானை பட்டாலே படக்கென்று அடித்துவிடுகிறது, அதிலேயே பாதி ஃபிலிம் வீண். ஃபோகஸ் திருப்புகிற சின்னக் கைப்பிடியில் நான் ஒட்டிவைத்திருந்த மணியைக் காணோம். கேட்டால், அழுக்கு என்று நினைத்துப் பெயர்த்துப் போட்டுவிட்டார்களாம். அழுக்காடா அது? அறுந்துபோன என் ஜெபமாலையின் மணி. அது விரலில் எங்கே தட்டுப்படுகிறது என்பதை வைத்தே எதிரில் இருப்பவர் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். மணி நேர் கீழே வந்தால் ஓர் ஆள் கை நீட்டினால் தொடாத தூரம், இடது பக்கம் ஏறினால் அறையின் அந்தக் கோடி. கேமராவைக் கண்ணில் வைக்காமல், மடியில் வைத்துக்கொண்டே எடுப்பேன், யாரும் கவனிக்கமாட்டார்கள். இத்தனைக்கும் மேலே, மேல் மூடியில் நல்ல தமிழ் எழுத்தில் அல்போன்ஸ் என்று உங்கப்பா பேர் வெட்டியிருக்கிறது. பேர் வெட்டினாய் சரி, யார் பேரை வெட்டிவிட்டு என்று யோசித்தாயா?

உங்கப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. பெட்டி வந்த கையோடு இரண்டு ஞாயிறு அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பூசைக்கு வந்தார். பிறந்ததிலிருந்து ஒரு போட்டோவில்கூட யார் தலையையும் முழுசாக விட்டுவைக்காத மனுஷர், சார் நீங்க இவ்வளவு பெரிய ஆளுன்னு தெரியாமப் போச்சே என்று கோயில் வாசலில் நாலு பேர் கேட்டால், ஏதோ பொழுதுபோக்குக்குத்தான் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்! அன்றிலிருந்து அவர் காப்பியை அவரே போட்டுக்கொள்கிறார்.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும். நீங்கதானேம்மா அப்பா கேமரா அப்பா கேமரான்னு சொல்லுவீங்க என்பாய், சான்ட்ராவும் அதையேதான் சொன்னாள். ஆமாம், சொன்னேன். நீ கையில் கிடைத்ததை எல்லாம் பிரித்துப் போடுகிற பிள்ளை, அம்மாது என்றால் உனக்கு ஒரு பயமும் கிடையாது, அதனால் அது அப்பா கேமராடா, தொட்டால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்றேன். இந்த ஊரில் எந்தத் தாய் சொல்லவில்லை? மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தொட்டாலும் அப்பா அடிப்பார் என்றுதான் சொன்னேன், அதனால் ஸ்டவ் உங்கப்பாவுடையது ஆகிவிடுமா? அவர் அதை ஒரு நாளாவது பற்றவைத்து நீ பார்த்திருக்கிறாயா? கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் எனக்கென்று கொண்டுவந்து கொடுத்தது அந்தக் கேமரா, கல்யாணத்தின்போது என் பெட்டியோடுதான் இந்த வீட்டுக்குள் வந்தது. உனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அதை மாட்டிக்கொண்டு வெளியே போனது யார்? உன் புது நன்மைப் பூசைக்கு, சான்ட்ரா கல்யாணத்துக்கு, உன் பட்டமளிப்புக்கு எல்லா போட்டோவிலும் உங்கப்பா இருக்கிறார், நான் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு தடவையாவது உன் மண்டையில் உதித்ததா? நீ கம்ப்யூட்டர் படித்தவன், உனக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

இதோடு நின்றிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் நீ அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில் இருந்த கவரைத் திறந்து, எனக்குத் தெரியாமல் போட்டோக்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டு போயிருக்கிறாய். போய், என் அப்பாவின் கண் வழியே எங்கள் மெட்ராஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதி, மெருகு போட்ட கேமராவின் படத்தோடு எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமில் போட்டாய். உங்கப்பா அதன் கீழே நன்றி மகனே என்று எழுதியிருக்கிறார். நன்றியாம்! அதில் மூன்றாவது படம் யாருடையது என்று தெரியுமா? என்னோடு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த அஸ்மத்துன்னிசாவுடையது, ராயப்பேட்டையில் இருக்கிறாளே அவள்தான். அவள் மகள் புஷ்ராவுக்கு மருதாணி வைத்த அன்று எடுத்தது. பெண்கள் மட்டும் இருக்கிற அறை, ஆம்பளை வாசனையே கூடாது, அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எடுத்த படங்களையும் நெகட்டிவையும் மிச்சம் வைக்காமல் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது என் வழக்கம். இந்த ஒரு படத்தை மட்டும் அவளே திருப்பிக் கொடுத்து, நீ வச்சுக்கோ, யார் கண்ணுலயும் காட்டாதே என்றாள். அதில் அஸ்மத்துன்னிசா முடியை அவிழ்த்துவிட்டு, வாய் நிறைய லட்டோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை வெளி ஆம்பளை எவனும் பார்த்தது கிடையாது. நீ உலகத்துக்கே காட்டினாய், போதாததற்கு அதை எடுத்தது ஓர் ஆம்பளை என்றும் எழுதினாய்.

இப்போது புஷ்ராவின் மகள் ஃபிசாவுக்கு நோன்புப் பெருநாள் முடிந்ததும் கல்யாணம். அந்தப் பெண் எனக்கு ஃபிலிமில்தான் வேணும், அல்போன்ஸா டீச்சர்தான் எடுக்கணும் என்று ஒற்றைக் காலில் நின்று என்னிடம் கேட்டு வாங்கியிருந்தது. நீ போட்ட படம் சுற்றிச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் போனுக்குப் போய்விட்டது. யார் இந்த அல்போன்ஸ், பெண்கள் அறைக்குள்ளே இவருக்கு என்ன வேலை, யார் உள்ளே விட்டது என்று கேட்டார்களாம். கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று எனக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சான்ட்ரா கத்தினதும் நீ படத்தை எடுத்துவிட்டாய், எடுத்தால் ஆச்சா? நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? வருஷா வருஷம் ரமலானில் அஸ்மத்துன்னிசா வீட்டிலிருந்து தூக்கில் நோன்புக் கஞ்சி வரும், இந்த வருஷம் வரவில்லை. அவர்களுக்கும் நோன்பு, நமக்கும் தவக்காலம், இரண்டு வீடும் பட்டினி, இரண்டு வீட்டிலும் சண்டை.

கச்சேரி ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ எல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது, அந்த வெயிலில் நான் ராயப்பேட்டைக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் எடுத்தேன், நீயே பார்த்தாயே, அந்த அறையில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். எனக்குத் தெரியும் அல்போன்ஸாம்மா, நான் போய்ச் சொன்னா நீ சிநேகிதத்துக்காகச் சொல்றேன்னுதானே சொல்லுவாங்க, எழுதினவன் வாயால சொல்லட்டும் என்றாள். அப்புறம் மெதுவாக, அந்தப் படத்தை உன்னை நம்பித்தானே கொடுத்தேன் என்றாள். ஜெஃப்ரி, இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும்போது அழுதேன், உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்களோ இல்லையோ, கேமரா தயாராக இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். ஒரு ரோல் போட்டு பட்டினப்பாக்கம் மீன் கடைகளில் எடுத்துப் பார்த்தேன். இன்னா டீச்சர், மீனு வாங்க வந்தியா, போட்டா புடிக்க வந்தியா என்று மீன்கார அம்மாள் ஒருத்தி கேட்ட முகம் அருமையான முகம், கழுவி வந்தால் அவள் முகம் மங்கல், அவளுக்குப் பின்னால் இருந்த ஐஸ் பெட்டி துல்லியம்! இந்த மாதிரி கேமராவுக்கு உயிரே கண் வைத்துப் பார்க்கிற ஓட்டைக்குள் தெரிகிற அந்தச் சின்ன மஞ்சள் கட்டம்தான். அதற்குள் ஓர் ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார், ஃபோகஸைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் சரியாக விழ வேண்டும். உன் மெருகு வேலையில் அது நகர்ந்துபோய், கட்டத்தில் ஒன்றாகத் தெரிகிறது, ஃபிலிமில் பின்னால் போய் விழுகிறது. ரெஹானிடம் எடுத்துக்கொண்டு போய் ஒரு பாட்டம் திட்டினேன். சார் அப்பா கேமரான்னு சொன்னாரேம்மா என்றார். ஸ்பாஞ்ச் வேலையும் ஷட்டர் வேலையும் நன்றாகவே செய்திருக்கிறார், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்த் தூரத்து விளம்பரப் பலகையை வைத்து ஒரு தடவை, கீழே கடையில் பேப்பரைச் சுவரில் ஒட்டி ஒரு தடவை, நான் பார்க்க அவர் திருகினார். என் கண்ணில் இரண்டும் ஒன்றாகிறவரை நான் எழுந்திருக்கவில்லை. பாம்புத்தோலையும் சிவப்புப் பட்டனையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன், வார் வேண்டுமானால் சான்ட்ரா நாய்க்கு ஆகும். புது மணி ஒட்டியாயிற்று, அந்த ஜெபமாலையில் மிச்சம் நிறைய இருக்கிறது, உன்னை மாதிரி இன்னும் பத்துப் பிள்ளைகள் வந்தாலும் தாங்கும்.

மிஞ்சினது உங்கப்பா பேர். அதை ராவி எடுத்தால் தகடு மெலிந்துபோகும் என்றார் ரெஹான். வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன், அடுப்பு மேடையில் போன ரமலானுக்கு வந்த தூக்கு கவிழ்த்து வைத்திருந்தது. வருஷம் பூராவும் நம் வீட்டில்தான் கிடக்கிறது, ஆனாலும் அது நம்முடையது என்று ஒருத்தரும் சொன்னதில்லை, அதில் அஸ்மத்துன்னிசா என்று பேர் வெட்டியிருக்கிறதே. மறுநாளே ரெஹானிடம் மேல் மூடியை மட்டும் கழற்றித் தரச் சொல்லி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மயிலாப்பூரில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற கடைக்குப் போனேன். எந்தப் பேர் வெட்டணும் என்று கேட்டார். பேர் இருக்கிறது, கடைசியில் ஒரு கால் மட்டும் போடுங்கள் என்றேன். கொர்ரென்று மிஷினை வைத்து ஒரு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். பிறகு ரெஹான் மூடிக்குப் பழையபடி கறுப்பு அடித்தார். காய்ந்ததும் சான்ட்ராவின் சிவப்பு நெயில் பாலிஷை எழுத்துக் குழிகளில் நானே குச்சியால் விட்டேன், ஸ் மேல் இருந்த புள்ளியில் மட்டும் விடவில்லை. அது கறுப்போடு கறுப்பாகப் போய்விட்டது. உங்கப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார், இரண்டு தடவை வாசித்தார், எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். தவக்காலம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, வண்டியைப் பனியில் மெதுவாக ஓட்டு, ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய், இதையும் சேர்த்துச் சொல். மாதா உன்னை எந்தப் பொல்லாப்பும் அண்டாமல் காக்கட்டும், உன் கைவேலை எல்லாம் விளங்கட்டும், என் ஆசீர் உனக்கு எப்போதும் உண்டு, கோபம் வேறு ஆசீர் வேறு. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே, அவர்கள் நோன்பு திறந்து தொழுது முடிக்கிற நேரம் பார்த்து அஸ்மத்துன்னிசாவுக்குப் போன் செய், உன் போன் வந்ததும் மாப்பிள்ளை வீட்டாரையும் லைனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சாரி கீரி என்று இங்கிலீஷில் ஆரம்பிக்காதே, முதலில் ஸலாம் சொல். யார் பேசுவது என்று கேட்பாள். அல்போன்ஸ் மகன் என்றால் வைத்துவிடுவாள், வைத்தால் அவள்மேல் தப்பில்லை. அல்போன்ஸா மகன் பேசுகிறேன் என்று சொல். கடைசி எழுத்தை முழுங்காமல், நன்றாக நீட்டிச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கேமராக்காரி அல்போன்ஸா