கோடு பார்க்கும் எலியும் விளக்கில்லாத ரோடும்

இன்று காலை சோதனை அறைக்குள் மல்லிகை வாசம். புதிதாகச் சேர்ந்த பெண் தொப்பிக்குள் பூவை மறைத்து வந்திருந்தாள். "வெளிய வச்சிட்டு வாம்மா" என்று அனுப்பினேன். நீயும் ஒருநாள் இப்படித்தான் வந்தாய், வடக்குப்பட்டில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு நேரே ஷிப்டுக்கு.

சுண்டெலிக்குக் கண் தெரிகிறதா என்று பார்ப்பது நம் வேலை. அதை மேடையில் உட்காரவைத்து, சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகளைச் சுழலவிடுவோம். கோடு தெரிந்தால் அது போகும் பக்கமே தலையும் மெல்லத் திரும்பும். அன்று, பார்வை வர மருந்து கொடுத்த குருட்டு எலி ஒன்று தலையைத் திருப்பியது. மேலாளருக்கு ஒரே சந்தோஷம். "திரும்பிச்சு பாரு. பாக்குதுன்னு போடு."

"சார், அது கோட்டப் பாக்கல. எம் பூவல்லா மோந்து பாக்கு. நான் வெளிய போறேன், கோட்டத் திரும்பச் சுத்த விடுங்க" என்றாய்.

நீ போனதும் எலி பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்துவிட்டது. மறுநாளே உன்னைக் கூண்டு கழுவ மாற்றினார்கள்.

"வாய மூடிக்கினு இருந்தா இன்னாடி?" என்று நான்தான் கத்தினேன்.

"பாக்காதத பாத்தேன்னு சொல்லணும்னா, இந்தக் கண்ணுக்கு மை ஒரு கேடா ஏட்டி?" என்று சிரித்தாய்.

எலி அறையில் வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும் கருவி அலறும். நாம் ஹாஸ்டலுக்கு நடக்கிற ரோட்டில் ஒரு பல்பு கிடையாது. கம்பெனி வேன் வல்லம் வடகால் வளைவிலேயே நம்மை இறக்கிவிடும். போன மாதம் அங்கே விளக்கில்லாமல் வந்த டிரெய்லர் லாரி உன்னை அடித்தபோது, உனக்கு ஓரடி பின்னால் நான் நின்றிருந்தேன்.

தப்பு உன்னுடையது என்றாகிவிட்டால் நிர்வாகம் கைகழுவிவிடலாம். நேற்று எச்.ஆர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். "அவ போனப் பாத்துக்கிட்டே கிராஸ் பண்ணான்னு சொல்லிடும்மா. போனவளுக்கு இனி என்ன? உன்ன பர்மனென்ட் பண்ணப் பேசிக்கிட்டிருக்கோம்."

இன்று மதியம் விசாரணை. தொழிலாளர் துறை அதிகாரி கேட்டதும் எச்.ஆர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "போன் பைக்குள்ள இருந்திச்சி சார். அவ நின்னா, ரெண்டு பக்கமும் பாத்தா. ரோட்ல லைட்டு இல்ல, லாரிலயும் இல்ல. நான் பாத்தது இதான்."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா" என்றார் எச்.ஆர்.

"யோசிக்க இன்னா சார் இருக்கு? பக்கத்துலதான நின்னேன்."

இனி பர்மனென்ட் பேச்சு இருக்காது. வேலையே இருக்குமா என்பதும் தெரியாது. நாளைக்குக் கோர்ட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ரோட்டில் இறங்கும் முன் நீ இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை இவர்களுக்கு விட்டுத்தர மாட்டேன்.