நம் வீட்டு மோட்டார்

அன்பு மகளுக்கு,

நம் தெருக் கடைசி வீடுகளுக்குப் போகவேண்டிய தண்ணீரை நம் வீடே உறிஞ்சியிருக்கிறது. அதற்காக நம் குழாயை வெட்டிவிட்டார்கள். மற்றபடி எல்லோரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்கவேண்டும்.

கவுன்சிலர் வீட்டிலிருந்து மாவு மில் வரை தெருக்குழாயில் மோட்டார் வைத்து இழுக்கிறார்கள், கடைசி வீட்டுத் தையல்காரிக்குக் காற்றுதான் வருகிறது என்று நான் மனு மேல் மனு கொடுத்தது உனக்குத் தெரியும். மேலிடத்தில் சொல்லியிருக்கிறேன் என்பார் கவுன்சிலர். மேலிடம் என்று அவர் வீட்டு மாடித் தொட்டியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். போன வாரம் ஒருவழியாக இன்ஜினியர் சோதனைக்கு வந்தார். தண்ணீர் திறந்துவிடுகிறவர் முதல் நாளே வீடு வீடாகப் போய், நாளைக்கு வர்றாங்க, மோட்டாரைக் கழட்டி வச்சிடுங்க என்று சொல்லியிருக்கிறார். நம் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. உங்க வீட்டுல இருக்கும்னு நான் கனவுலகூட நினைக்கலைம்மா என்று பிறகு என்னிடமே வருத்தப்பட்டார். நானும் நினைக்கவில்லை. உன் தம்பி அதைக் குளியலறைக்குப் பின்னால் பழைய டிரம்மைக் கவிழ்த்து மூடிவைத்திருந்தான். என்ன சத்தம் என்று கேட்டால், வாஷிங் மெஷின் ஓடுது அத்தை என்பாள் மருமகள். அப்படி எதைத்தான் துவைக்கிறாய் என்று அவளைத் திட்டியிருக்கிறேன்.

முதலில் என் வீட்டைப் பாருங்கள் என்று இன்ஜினியரை நான்தான் அழைத்துப் போனேன். தெரு முழுக்க அகப்பட்டது அந்த ஒன்றுதான். பெரியவங்க, தெரியாம நடந்துபோச்சு, விட்டுடுங்க சார் என்று கவுன்சிலர் எனக்காகச் சிபாரிசு செய்தார். அவர் தயவில் தண்ணீர் குடித்தால் அவர் மோட்டாரைப் பற்றி நான் எப்படி வாய் திறப்பது. வெட்டச் சொல்லிவிட்டேன். அக்கா குழந்தையோட வர்றாளேன்னுதான் செஞ்சேன் என்கிறான் உன் தம்பி. மருமகள் குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் தெருவுக்கே கேட்கிறது. தையல்காரி மட்டும் வந்தாள். உங்க மோட்டார் நின்னதுல எனக்கு ஒரு குடம் வருதுக்கா, மத்ததும் நின்னா நான் குளிக்கக்கூடச் செய்வேன் என்றாள். இத்தனை நாள் அந்த ஒரு குடத்தைக் குடித்தது நாம்தான்.

உங்கள் மூவருக்கும் என் ஆசிகள். இனி உன் தம்பி தண்ணீர் லாரி வரும்போது வரிசையில் நிற்கவேண்டும். மருமகள் நிஜ வாஷிங் மெஷினையும் மூடிவைக்கவேண்டும். இன்ஜினியர் இன்னொரு தடவை, யாரிடமும் சொல்லாமல் வரவேண்டும், அதற்கு மனு கொடுத்துவிட்டேன். கவுன்சிலர் தன் மோட்டாரைத் தானே கழற்றவேண்டும். நீ வரும்போது ஒரு வாளியில் குளிக்கக் குழந்தையை இப்போதே பழக்கவேண்டும், குழாயைச் சேர்த்துவிடு என்று எனக்குப் போன் செய்யக்கூடாது. தையல்காரி குளித்தேன் என்று வந்து சொல்லவேண்டும். அதற்கப்புறம்தான் நம் குழாயைச் சேர்க்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா