பாட்டில்லாமல் இடித்த சுண்ணம்

4 மார்ச் 2024, திங்கள்

காலை பத்து மணி. மனைவி பாக்கியம் சந்தைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் எழுதிவிட வேண்டும். ஒழுங்கு:

1. கதிரேசு என்னிடம் கேட்டது என்ன.
2. என்னைப் பற்றி அவருக்கு யார் சொன்னது. (ஜெயக்காந்தன்மேல் சந்தேகம்.)
3. சம்மதித்தால் சங்கத்துச் சனம் இனி என்னைக் கூப்பிடாது.
4. பாக்கியத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் தன் கடைசிக் காரியத்தில் என்னைப் பாட விடமாட்டாள்.

முதலாவது. நேற்று கதிரேசுவின் மகள் வசந்தினி வந்தாள். கதிரேசு ரயில்வேயில் வேலை பார்த்தவர், என் நாற்பது வருடச் சிநேகிதர். ஈரலில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெப்ராவில் படுக்கையில் இருக்கிறார். பாக்கியம் தேத்தண்ணி போட உள்ளே போனதும் வசந்தினி குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், அப்பா ஃபியூனரல்ல சாமி விஷயம் ஒண்ணும் வேணாம்னு சொல்றாங்க. ஐயர் வேணாம், பாட்டு வேணாம். நீங்கதான் நடத்தணுமாம். மாஸ்டரும் என்னை மாதிரிதான், சாமி இல்லாத ஆளுன்னாங்க."

"அப்படியா" என்றேன்.

எங்கள் யாழ்ப்பாண வழிச் சனங்களின் சாவீடுகளில், பிரேதத்தின் முன் உரல் வைத்து மஞ்சளும் வாசனைப் பொருளும் சேர்த்துச் சுண்ணம் இடிக்கும்போது நின்று சாமி பாட்டுப் பாடுகிறவன் நான். 1999 முதல். இதுவரை 212 வீடுகள். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அது எப்போது போனது என்று தேதி சொல்ல முடியவில்லை; எல்லாவற்றுக்கும் தேதி எழுதுகிறவனுக்கு இது வெட்கம். ஒருவரிடமும் சொன்னதில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் திங்கள்தோறும் நாட்டின் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவைச் சொல்லிக்கொடுத்தேன். முதற்கோட்பாடே இறைவன்மேல் நம்பிக்கை. நான் சொன்னேன், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

கேட் சத்தம். பாக்கியம்.

5 மார்ச், செவ்வாய்

இரண்டாவது. ஜெயக்காந்தன் எங்கள் சங்கத்தின் செயலாளர். போன வருடம் கூட்டம் முடிந்து சாப்பிடும்போது, "மாஸ்டர், உங்களைக் கோயில் பக்கம் காணக் கிடைக்கிறதே இல்லையே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஜனவரியில் போன் செய்து, "இன்னும் பாடுறீங்கதானே?" என்றார். "இன்னும்" என்றால் என்ன அர்த்தம்? அவருடைய மச்சான் பாட்டு வகுப்புக்குப் போகிறாராம். கதிரேசுவைப் போய்ப் பார்க்கிறவர்களில் ஜெயக்காந்தனும் ஒருவர். நான் ஒப்புக்கொண்டால் என் இடம் காலி.

கண்ணி என்றே நினைக்கிறேன். ஆனால் சாகக் கிடக்கிற மனிதனை வைத்தா கண்ணி வைப்பார்கள்? நான் என்ன இப்படி யோசிக்கிறேன்?

8 மார்ச், வெள்ளி

தெப்ராவுக்குப் போனேன். கதிரேசுவின் கண்கள் மஞ்சளாகிவிட்டன. நேரே கேட்டேன், யார் சொன்னது என்று.

"ஒருத்தரும் சொல்லேல்லை. என்ர மனிசி செத்த அண்டு எல்லாரும் கையைத் தலைக்கு மேல தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நிண்டவை. நீர் ஒராள்தான் அவளின்ர முகத்தைப் பாத்துப் பாத்துப் பாடினீர். அவளுக்குச் சொல்லுற மாதிரி. அப்பவே விளங்கிட்டுது."

அப்படியென்றால் கதிரேசுவும் கண்ணை மூடவில்லை. வேறு எத்தனை பேர் மூடாமல் நின்றார்கள்? 212 வீடுகள்!

"பயப்பிடுறீரோ?"

"ஓம்."

"சாகப்போற நான் பயப்பிடேல்லை. நீர் ஒரு பேச்சுக்குப் பயந்து சாகிறீர்."

சரி என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஏன் சொன்னேன் என்று யோசித்தேன்.

10 மார்ச், ஞாயிறு

பாக்கியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வசந்தினியோடு போனில் இருபது நிமிடம். என்னைக் கண்டதும் "கறிவேப்பிலை கேட்டவள்" என்றாள். கறிவேப்பிலைக்கு இருபது நிமிடமா?

19 மார்ச், செவ்வாய்

காலை 6.40க்குக் கதிரேசு போய்விட்டார்.

20 மார்ச், புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவர் பிறந்தது, படித்தது, வேலை. போய்ப் பார்த்தால் சிரம்பானிலிருந்து வந்த அவருடைய அக்கா உரலை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "சுண்ணம் இடியாமல் என்ர தம்பியை அனுப்பமாட்டன்." வசந்தினி அழுகிறாள்: "அத்தே, அப்பா வேணாம்னு சொல்லிட்டாங்க, ப்ளீஸ்." வாசலில் ஜெயக்காந்தன், கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி. பதிவு செய்கிறார் என்று நினைத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுதி வந்ததில் உரலைப் பற்றி ஒன்றும் இல்லை.

"உரல் இருக்கட்டும்" என்றேன். "பாட்டு இல்லை. இடிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கோ."

"ஏன் மாஸ்டர், நீங்கள் பாடேல்லையோ?" கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

தொண்டை வலி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கதிரேசுவின் முகத்தைப் பார்த்தேன்.

"அவருக்கு நம்பிக்கை இருக்கேல்லை. எனக்கும் இல்லை."

சொல்லிவிட்டேன். பெண்கள் நின்ற பக்கம் பாக்கியம் இருந்தாள். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை நான்.

பிறகு உலக்கைச் சத்தம் கேட்டது. அக்காதான். "பொய் சொன்னா இவனுக்குக் காது சிவக்கும்" என்று சொல்லி ஒரு இடி. அடுத்தது வசந்தினி: "அப்பா சீட் பெல்ட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாப்பாங்க. சும்மா ரோட்டோரம் நிக்கிற கார்லகூட." ஜெயக்காந்தன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். "என் கூட்டக் குறிப்புல பதினேழு பிழை கண்டுபிடிச்சவர். பதினேழும் பிழைதான்." சாவீட்டில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடேயே மின்சுடலைக்குப் புறப்பட்டோம்.

மூன்று பக்கத்தையும் வாசிக்கவில்லை.

24 மார்ச், ஞாயிறு

பாக்கியம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போடுகிறாள், மருந்து எடுத்துத் தருகிறாள். எல்லாம் வழமைபோல். அதுதான் பயமாக இருக்கிறது.

2 மே, வியாழன்

மூன்றாவது குறிப்பு சரி என்று ஆகிவிட்டது. எங்கள் ஆட்களில் இரண்டு சாவு, குளுவாங்கில் ஒன்று, ஸ்கூடாயில் ஒன்று. இரண்டிலும் பாடியது ஜெயக்காந்தனின் மச்சான். பொறுக்க முடியாமல் போன் செய்தேன்.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணுமில்ல. சத்தியமா. வீட்டுக்காரங்கதான் ஒரு மாதிரி நெனைக்கிறாங்க. கொஞ்ச நாள் போகட்டும் லா."

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு, கொஞ்ச நாள்.

21 மே, செவ்வாய்

ரொனால்ட் என்று ஒருவர் போன் செய்தார். தங்காக்கில் துணிக்கடை. கத்தோலிக்கக் குடும்பம், தகப்பன் தேவாலயத்தை விட்டு முப்பது வருடமாம், இப்போது கடைசிக் கட்டம். வசந்தினியோடு சிங்கப்பூரில் வேலை செய்கிற தங்கை மூலமாக என் பெயர் கிடைத்ததாம். "ஃபாதரும் வேணாங்கிறாரு, ஒண்ணும் வேணாங்கிறாரு சார். சும்மா எரிச்சிட்டு வர மனசு வரல. நீங்க வருவீங்களா? சனிக்கிழமை அவரையே நேர்ல கேட்டுக்குங்க."

வருகிறேன் என்றேன். பிறகு இரண்டு தடவை அந்த இலக்கத்துக்கே அழைத்து, உண்மையில் துணிக்கடைதானா என்று பார்த்தேன். துணிக்கடைதான்.

25 மே, சனி

தங்காக்குக்குப் புறப்படுமுன் எழுதுகிறேன். பாக்கியம் என் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். இன்று கேட்காவிட்டால் இனிக் கேட்கமாட்டேன் என்று தோன்றியது.

"அண்டைக்கு நான் சொன்னது..."

"எது? எனக்கும் இல்லை எண்டதோ? அதை எனக்கு ஆரும் சொல்லித் தெரியவேணுமே? நாப்பத்தொன்பது வருசமா சாமியறையில பக்கத்தில நிண்டு மணிக்கூட்டைப் பாக்கிற மனிசன்."

சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள்.

"கதிரேசண்ணை சாகமுந்தி வசந்தினி போன்ல அழுதவள். மாஸ்டர் அங்கிள் பயந்து விட்டிடுவார் அன்ட்டி எண்டு. நான் சொன்னன், பயந்து பயந்து செய்வார், ஆனா செய்வார் எண்டு."

"அப்ப உமக்கு... உம்முடைய காரியத்துக்கு வேறு யாரையாவது..."

"ஆரை? ஜெயக்காந்தன்ர மச்சானையோ? அவன் மூக்கால பாடுவான். நான் எழும்பி ஓடிடுவன். நீங்கள்தான் பாடோணும். நம்பிறதை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் ஒரு வரியும் விடாமல் பாடுங்கோ."

"நான் முந்தினால்?"

"திருநீறு பூசித்தான் அனுப்புவன். வேண்டாமெண்டா எழும்பிச் சண்டை பிடியுங்கோ, பாப்பம்." சட்டையை என் கையில் தந்தாள். "பொத்தானைச் சரியாப் போடுங்கோ."

மார்ச் 4இல் எழுதிய நான்காவது குறிப்பு பிழை. அதன் இரண்டு பகுதியும் பிழை.