அடுப்புக்கு மேலே தொங்கிய விதை

2010 ஆனி, வியாழன் இரவு

கோபம் அடங்கவில்லை. சித்தாண்டி ஊர்ப் பெண்களின் மரக்கறியை நகரத்தில் விற்க நான் நடத்தும் சனிக்கிழமைச் சந்தைக்கு இம்முறை கத்தரிக்காயே இல்லை. சண்டை முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு நிவாரண நிறுவனம் கொடுத்த கத்தரி விதை போன வருடம் நன்றாகக் காய்த்தது. வழக்கம்போல நல்ல காய்களைப் பழுக்கவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி, அடுப்புக்கு மேலே கட்டிவைத்து விதைத்தார்கள். செடி வந்தது, காய் சூம்பிப்போனது. அது ஒரு போகத்துக்கு மட்டுமே பலன் தரும் கலப்பின விதை என்று கொடுத்தவர்கள் சொல்லவில்லை.

இன்று கூட்டத்தில் நிறுவன அதிகாரி சிரித்தார். "ஆர் உங்கள விதை எடுக்கச் சொன்னது?"

"ஆர் சொல்லோணும் தம்பி? சோறு தின்னவும் உங்களிட்டக் கேக்கணுமா?" என்றார் விதைத்தவர்களில் ஒருவரான பூரணம் அக்கா.

அதிகாரி புது விதைப் பைக்கற்றுகளை நீட்டினார். எல்லோரும் வாங்கினார்கள், பூரணம் அக்காவும். வெளியே வந்ததும் ஏன் வாங்கினீர்கள் என்று அவரிடம் கத்திவிட்டேன்.

"வேற விதை எங்க கிடக்கு தங்கச்சி? ஷெல்லடிக்க ஓடக்குள்ள விதை முடிச்சையா அவுத்துக்கிட்டு ஓடின நாங்க?"

அவர்கள் காலங்காலமாக எடுத்துவைத்த பழைய விதை சண்டையில் வீட்டோடு எரிந்ததை நான் யோசிக்கவே இல்லை. கத்தவேண்டிய இடம் வேறு. நாளை அதிகாரியின் மேசையில் சூம்பிய காய்களைக் கொட்டப்போகிறேன். காய்களை அள்ளிப்போகப் பூரணம் அக்காவிடம் ஒரு சாக்கு கேட்கவேண்டும்.